உப்புக்காற்றுக் கரையில் மெக்கானிக்கல் கீபோர்டைப் பிரித்துப் பார்ப்பது: முழுமையான வழிகாட்டி

ஒவ்வொரு விசைக்கும் ஸ்பிரிங் வைத்த தனிச் சுவிட்ச் கொண்ட மெக்கானிக்கல் கீபோர்டைப் பிரித்துக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் சத்தத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். விசை விழும்போது கனமாக விழுகிறதா, கலகலவென்று விழுகிறதா என்பதே அவர்கள் கவலை. தொண்டியிலிருந்து சாயல்குடிப் பக்கம் வரை கடலை ஒட்டிக் குடியிருக்கும் நமக்கு அது பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். ஜன்னல் கொண்டியும் பூட்டும் மோட்டார் சுவிட்சும் உள்ளூர்க் காற்றில் என்ன பாடுபடுகின்றன என்று தெரிந்தவர்கள், கீபோர்டைத் திறந்ததும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உள்ளே எந்த உலோகம் பூச்சில்லாமல் வெறுமையாக நிற்கிறது?

1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்குக் காலமெல்லாம் துருவோடுதான் போராட்டமாக இருந்தது. அதன் பக்கத்தில் கட்டி 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோகங்களைக் கடற்காற்றில் வைத்துச் சோதிக்க மண்டபத்தில் நிலையம் அமைத்திருப்பதும் இதே காற்றை நம்பித்தான். அந்தக் காற்றில்தான் உங்கள் மேசையும் இருக்கிறது.

உப்பு ஏன் இவ்வளவு கெடுதல் என்பதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் படிகள் தானாகப் புரியும். சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை. அதோடு சேர்ந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கும். கோடையில் உப்பு டப்பா பிசுபிசுப்பது அதனால்தான். கீபோர்டுக்குள் படிந்த உப்புத் தூசியும் வருடத்தில் பெரும்பகுதி ஈரமாகவே கிடக்கிறது, வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. அந்த ஈரம் மின்சாரத்தைக் கடத்தும், இரும்பையும் தின்னும்.

எப்போது திறப்பது

மன்னார் வளைகுடாப் பக்கம், அதாவது கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று தெற்கே பார்த்த ஊர்களில், ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் தென்மேற்குக் காற்றில் உப்பு அதிகம் ஏறும். பாக் விரிகுடாவைப் பார்த்த தேவிபட்டினம், தொண்டிக்கு வாடை அடிக்கும் மாதங்கள் மோசம். ராமேஸ்வரம் தீவுக்கு இரண்டு பக்கமும் கடல் என்பதால் இரண்டு பருவமும் சேரும். உங்கள் பக்கத்துக் காற்று ஓய்ந்த பிறகு ஒரு தடவை திறந்து பார்ப்பது முறை. புதுக் கீபோர்டு என்றால் வாங்கிய உடனேயே ஒரு தடவை பார்த்துப் படமெடுத்து வைத்துவிடுங்கள். துரு வந்த பிறகு அது நம் காற்றில் வந்ததா, வரும்போதே இருந்ததா என்ற வாதத்தை அந்தப் படம்தான் தீர்க்கும்.

வாரண்டி பற்றி ஒரு வார்த்தை. அடிப்பக்கத்தில் ஒரு ஸ்குரூவின் மேல் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், அதைக் கிழித்தால் கடைக்காரர் கைவிரிப்பார். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியாத கீபோர்டில், கேஸை, அதாவது வெளிக்கூட்டைத் திறக்காமல், கீகேப்பும் (விசையில் விரல் படும் மூடி) சுவிட்சும் வரை மட்டும் போங்கள். இந்த வழிகாட்டியில் சொல்வதில் பாதிக்கு மேல் அதிலேயே தெரிந்துவிடும்.

தேவையானவை

வேலைக்குக் கடலைப் பார்த்த திண்ணையோ மாடியோ வேண்டாம், உள்ளறை போதும். தரையில் பழைய வெள்ளை வேட்டியை விரித்துக்கொண்டால் விழுந்த ஸ்பிரிங்கும் ஸ்குரூவும் கண்ணில் படும். சுவிட்சைத் திறக்கும்போது ஃபேனை நிறுத்திவிட வேண்டும்.

கம்பி வளையம் வைத்த கீகேப் புல்லர், சுவிட்ச் புல்லர், பிளஸ் ஸ்குரூ டிரைவரில் சின்ன அளவுகள் இரண்டு, பழைய ஏடிஎம் கார்டு, ட்வீசர், டார்ச், மென்மையான பிரஷ் இருந்தால் வேலை தொடங்கலாம். பிளாஸ்டிக் புல்லர் கீகேப்பின் பக்கவாட்டைக் கீறும், கம்பிப் புல்லரையே வாங்குங்கள். கூடவே ஒரு காந்தம் வேண்டும். உடைந்த ஸ்பீக்கரில் இருக்கும் காந்தமே போதுமானது. சுத்தம் செய்ய ஐசோபுரொபைல் ஆல்கஹாலும், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் தேவை. இரண்டும் எதற்கு என்பது பின்னால் வரும்.

பிரிப்பதற்கு முன்பு கணினியில் செருகி எல்லா விசைகளையும் ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். எது இரட்டையாக விழுகிறது, எது விழவில்லை என்று எழுதி வையுங்கள். பிறகு கேபிளைக் கழற்றிவிட்டு, இரு மூலைகளைப் பிடித்து ஈரத்துணியைப் பிழிவது போல மெல்ல முறுக்குங்கள். பிளாஸ்டிக் நெரிகிற சத்தம் கேட்டால் உள்ளே சுவிட்சுகளைத் தாங்கும் பிளேட்டுக்கும் கேஸுக்கும் பிடிமானம் குறைவு என்று தெரிந்துகொள்ளலாம்.

படி 1: கீகேப்பைக் கழற்றுதல்

முதலில் நேர்மேலிருந்து ஒரு படம் எடுங்கள். புல்லரின் கம்பியைக் கீகேப்பின் எதிரெதிர் மூலைகளுக்குக் கீழே கோர்த்து நேராக மேலே இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் சுவிட்சின் சிலுவைத் தண்டு உடையும். ஸ்பேஸ், என்டர், ஷிஃப்ட் போன்ற நீள விசைகளை இரு முனைகளிலும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள்.

கழற்றிய கீகேப்பைத் திருப்பிப் பாருங்கள். அடியிலும் எழுத்தின் வடிவம் வேறு நிறப் பிளாஸ்டிக்கில் தெரிந்தால் அது இரட்டை வார்ப்பு, எழுத்து ஒருநாளும் அழியாது. மேலே மட்டும் அச்சடித்திருந்தால் சில மாதத்திலேயே தேயத் தொடங்கும். விளிம்பு ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் நல்ல வார்ப்பு. மேற்பரப்பு விரலில் லேசாகச் சொரசொரத்தால் பெரும்பாலும் பிபிடி பிளாஸ்டிக், வழவழத்து எண்ணெய் பூசியதுபோல் மின்னினால் ஏபிஎஸ் பிளாஸ்டிக். உப்புக்கு இரண்டுமே அசையாது. இது விரலுக்கும் கண்ணுக்குமான வேறுபாடு மட்டுமே, இதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது அவரவர் விருப்பம்.

கீகேப்பை வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டுக் கழுவலாம். ஆனால் நம் ஊர் போர் தண்ணீர் பெரும்பாலும் உவர். அதில் அலசிக் காயவைத்தால் போன உப்பு திரும்பி வந்து உட்காரும். கடைசி அலசலுக்குக் காவிரிக் குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் சிலுவைக் குழிக்குள் ஈரம் தங்கும், முழுக்கக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

படி 2: பிளேட்டைப் படிப்பது

சுவிட்சுகள் செருகி நிற்கும் தகடுதான் பிளேட். அவசரப்படாமல் பார்க்க வேண்டிய இடம் இது. விசைக்கு விசை 19.05 மில்லிமீட்டர் இடைவெளியில், ஒவ்வொன்றும் 14 மில்லிமீட்டர் சதுரமாக வெட்டிய துளைகள் இருக்கும். வழக்கமான தடிமன் 1.5 மில்லிமீட்டர். காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம், பித்தளை அல்லது பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக். எடை அதிகம் என்பதால் எஃகுப் பிளேட்டை உயர்வாகப் பேசுவது வழக்கம். நம் கரைக்கு நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து வெட்டு ஓரங்களைப் பாருங்கள். வெட்டிய பிறகு பெயின்ட் பூசியிருந்தால் ஓரமும் அதே நிறத்தில் வழவழவென்று இருக்கும். பூசிய தகட்டைப் பிறகு வெட்டியிருந்தால் ஓரம் வெறும் உலோகமாகப் பளபளக்கும். துரு பிறப்பது அங்கேதான். துளையின் மூலைகளில் பழுப்புப் புள்ளிகளாகத் தொடங்கி, பெயின்டுக்கு அடியில் ஊர்ந்து, ஒருநாள் கொப்புளமாக எழும்பும். புதுக் கீபோர்டில் ஓரம் வெறுமையாக இருப்பதைப் பார்த்தால், சத்தம் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அலுமினியப் பிளேட்டில் சிவப்புத் துரு வராது. அனோடைஸ் செய்த (மின்முறையில் கெட்டியாக்கிய) மேற்பூச்சு கீறிய இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், அவ்வளவுதான்.

படி 3: ஸ்டெபிலைசர்

நீள விசை ஒரு பக்கம் சாயாமல் இருக்க அடியில் வளைத்த கம்பி ஒன்று ஓடும். பிளேட்டில் கவ்வியிருப்பது மலிவு வகை. பிசிபி என்கிற சர்க்யூட் பலகையிலேயே ஸ்குரூ போட்டு இறுக்கியது நல்ல வகை. இரண்டிலும் கம்பி எஃகுதான், பூச்சுதான் வேறுபடும். கரையோரக் கீபோர்டில் முதலில் துருப்பிடிக்கும் பாகங்களில் இந்தக் கம்பியும் ஒன்று. ஸ்பேஸ் பார் அழுத்தினால் மெதுவாக எழுகிறது என்றால் சுவிட்சைக் குறை சொல்வதற்கு முன்பு இதைப் பாருங்கள்.

கம்பியைக் கழற்றிச் சமமான கண்ணாடியில் வையுங்கள். இரண்டு முனையும் ஒரே மாதிரி படிய வேண்டும். ஒன்று தூக்கி நின்றால் அதுதான் கடகட சத்தத்துக்குக் காரணம், விரலாலேயே நேராக்கிவிடலாம். கிரீஸ் தடவியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். சத்தத்தை அடக்க மட்டுமல்ல, நம்மிடம் அது உப்பீரத்தைத் தடுக்கும் போர்வையும்கூட. தடவாமல் விட்டிருந்தால் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் வாங்கி, கம்பி பிளாஸ்டிக்கைத் தொடும் முனைகளில் தாராளமாகவும் மற்ற நீளத்தில் மெல்லிய படலமாகவும் பூசுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், படகு எஞ்சினுக்குப் போடும் கிரீஸ் எதுவும் வேண்டாம். தூசி பிடித்துக் கோந்தாகும், சிலது பிளாஸ்டிக்கையும் கெடுக்கும்.

படி 4: சுவிட்ச்

ஹாட்ஸ்வாப் வகையில் சுவிட்சைக் கையாலேயே பிடுங்கிச் செருகலாம். மற்றதில் சால்டர் வைத்து ஒட்டியிருக்கும். சுவிட்ச் புல்லரால் மேலும் கீழும் உள்ள கொக்கிகளை அழுத்தி நேராக இழுத்துப் பாருங்கள். அளவான பலத்துக்கு வரவில்லை என்றால் சால்டர் வைத்தது, அதற்கு மேல் மல்லுக்கட்ட வேண்டாம். 87 விசைக் கீபோர்டில் அப்படி 174 கால்கள் ஒட்டியிருக்கும். பரிசோதனைக்காக அத்தனையையும் உருக்கி எடுப்பது பிசிபியின் செம்புத் தடங்களைப் பெயர்க்கிற வேலை. மேலிருந்து தெரிவதோடு நிறுத்திக்கொண்டு அடுத்த படிக்குப் போய்விடலாம்.

ஹாட்ஸ்வாப் என்றால் இரண்டே சுவிட்சுகளைத் தேர்ந்தெடுத்துத் திறந்து பாருங்கள். ஒன்று நிறைய உழைத்தது, இன்னொன்று உழைக்காதது. தமிழ்99-இல் தட்டுகிறவர்களுக்குத் தேர்வு எளிது. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற அந்த அமைப்பில் புள்ளி, ஆங்கில எஃப் விசையில் இருக்கிறது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும்போதெல்லாம் இடது ஆள்காட்டி விரல் அங்கேதான் விழுகிறது. கீழக்கரையிலோ இராமநாதபுரத்திலோ டிடிபி வேலை செய்கிற ஒருவரின் கீபோர்டில் எஃப் சுவிட்ச் படுகிற பாட்டை வேறு சுவிட்ச் படாது. அதை எடுங்கள். ஒப்பிட, யாரும் தொடாத ஸ்க்ரோல் லாக்கை எடுங்கள்.

செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் சுவிட்ச் வடிவம் 1980-களில் வந்தது. காப்புரிமை முடிந்த பிறகு கேட்டரான், கெயில், அவுடெமு போன்ற நிறுவனங்கள் எல்லாரும் அதே வடிவத்தில் செய்கிறார்கள், ஆகவே திறக்கிற முறையும் ஒன்றுதான். நான்கு கொக்கிகளையும் ட்வீசரால் ஒருசேர விலக்கினால் மேல்மூடி வரும். உள்ளே தண்டு, ஸ்பிரிங், அடிக்கூடு, அதில் இரண்டு உலோக இலைகள். செர்ரி சிவப்பு வகையில் மொத்த ஓட்டம் 4 மில்லிமீட்டர், பாதி வழியில் 2 மில்லிமீட்டரில் இலைகள் தொட்டுக்கொள்ளும், அதற்கு வேண்டிய அழுத்தம் சுமார் 45 கிராம். இலைகள் தொடும் புள்ளியில் தங்கப் பூச்சு இருப்பது நல்ல சுவிட்சின் அடையாளம். தங்கத்துக்குத் துருவுமில்லை, களிம்புமில்லை.

ஸ்பிரிங்கை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். பழுப்புப் புள்ளி இருக்கிறதா? இலையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா? விசையை ஒருமுறை தட்டினால் எழுத்து இரண்டாக விழும் கோளாறுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த இலைகளின் அழுக்குதான். உழைத்த சுவிட்சில் மட்டும் தண்டின் பக்கங்கள் தேய்ந்திருந்தால் அது வயது. உழைக்காத ஸ்க்ரோல் லாக்கிலும் துரு இருந்தால் அது காற்று. இரண்டையும் திறக்கச் சொன்னது இதற்காகத்தான்.

புதிதாகச் சுவிட்ச் வாங்குகிறவர்களுக்குச் சொல்வேன்: கெயில் பாக்ஸ் வகையில் தொடுபுள்ளி தனிப்பெட்டிக்குள் அடைபட்டிருக்கிறது, தூசி, நீர்த் தடுப்புக்கான ஐபி56 தரம் சொல்லியே விற்கிறார்கள். ஆப்டிக்கல் சுவிட்ச் ஒளியையும், ஹால் எஃபெக்ட் சுவிட்ச் காந்தப் புலத்தையும் வைத்து வேலை செய்வதால் களிம்பு ஏறத் தொடுபுள்ளியே கிடையாது. அலையடிக்கிற தூரத்தில் வீடு என்றால் இவைதான் நியாயமான தேர்வு. விளையாடுகிறவர்களுக்கென்று விளம்பரப்படுத்துகிறார்களே என்று ஒதுக்க வேண்டாம்.

படி 5: கேஸைத் திறத்தல்

ஸ்குரூக்கள் பிளேட்டில் கீகேப்புகளுக்கு இடையிலோ, அடியில் ரப்பர் பாதங்களுக்குக் கீழோ, ஸ்டிக்கருக்கு அடியிலோ ஒளிந்திருக்கும். ஓர் அட்டையில் கீபோர்டின் படம் வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொரு ஸ்குரூவையும் குத்தி வையுங்கள். நீளம் வேறுபடும். நீளமானதைக் குட்டை இடத்தில் முறுக்கினால் கேஸின் மறுபக்கம் பிதுங்கும்.

ஸ்குரூத் தலையைக் கவனியுங்கள். துத்தநாகப் பூச்சுள்ளவற்றில் முதலில் வெள்ளைப் பொடி பூக்கும், பூச்சு தீர்ந்ததும் சிவப்புத் துரு. அலுமினியக் கேஸில் எஃகு ஸ்குரூ இருந்தால், உப்பீரம் நடுவில் வந்ததும் அலுமினியம் அரிபடத் தொடங்கும். மரைக்குள் ஒட்டிக்கொண்டு திரும்ப மறுப்பது அதனால்தான். அப்படிப்பட்ட ஸ்குரூக்களைத் துருப்பிடிக்காத எஃகு ஸ்குரூவாக மாற்றினால் மட்டும் போதாது, மரையில் சிறிது கிரீஸும் வைக்க வேண்டும்.

கொக்கிகளுக்கு ஏடிஎம் கார்டைச் செருகி நகர்த்துங்கள். கேஸ் விலகியதும் வெடுக்கென்று தூக்கிவிடாதீர்கள். அடிக்கேஸில் யுஎஸ்பி துணைப்பலகையோ பேட்டரியோ கேபிளால் இணைந்திருக்கும். வயர்லெஸ் கீபோர்டில் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் குத்தவோ அழுத்தவோ கூடாது, தனியே எடுத்து வைத்துப் புதிது வாங்குங்கள்.

இனி சத்தத்தை அடக்க உள்ளே வைக்கும் பஞ்சு விஷயம். பிளேட்டுக்கும் பிசிபிக்கும் நடுவே, கேஸின் அடியில் என்று இரண்டு மூன்று அடுக்கு வைப்பது இப்போதைய நாகரிகம், சத்தம் மென்மையாகும். திறந்த துளைகள் கொண்ட மெத்தைப் பஞ்சு என்றால் அது ஈரத்தைக் குடித்துப் பிசிபியின் மேல் வைத்தபடியே இருக்கும். ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கிப் பிழியுங்கள். தண்ணீர் கொட்டினால் அந்த அடுக்கைத் தூக்கி எறிந்துவிட்டு, மூடிய துளைகள் கொண்ட ஈவிஏ (மென்பிளாஸ்டிக் பஞ்சு) தாளை அதே அளவில் வெட்டிப் போடுங்கள். சத்தம் கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

படி 6: பிசிபி

ஒவ்வொரு விசைக்கும் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஒரு டயோடு இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் 1என்4148 வகை. விசைகள் வரிசையும் நிரலுமாக இணைக்கப்பட்டிருப்பதால், டயோடு இல்லாவிட்டால் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளை ஒன்றாக அழுத்தும்போது தொடாத நான்காவதும் விழும்.

சால்டர் பளபளவென்று கூம்பாக இருந்தால் நன்று. உருண்டையாகத் தொங்கினாலோ சுற்றி வளையம்போல் விரிசல் தெரிந்தாலோ அந்தக் கால் நாளாக நாளாக விட்டுவிடும். பழுப்புநிறப் பசையாகத் தெரிவது சால்டர் பிடிக்கத் தடவிக் கழுவாமல் விட்ட ஃப்ளக்ஸ். வறண்ட ஊர்களில் அது அழகுக் குறைதான், இங்கே உப்பை ஒட்டவைத்து ஈரத்தைக் கூட்டும்.

யுஎஸ்பி போர்ட்டின் உலோகக் கூட்டில் பிசிபியைத் துளைத்து இறங்கும் கால்கள் இருக்க வேண்டும். மேற்பரப்பில் மட்டும் ஒட்டியிருந்தால் கேபிளை இழுத்து இழுத்து ஒருநாள் தடத்தோடு பெயரும். ஹாட்ஸ்வாப் சாக்கெட்டுகளை நகத்தால் மெல்லத் தட்டி ஆடுகிறதா பாருங்கள். செம்புப் பட்டைகள் தங்கநிறமாக இருந்தால் அரிப்பைத் தாங்கும் பூச்சு கொடுத்திருக்கிறார்கள்.

படி 7: உப்பை எடுப்பது

எலெக்ட்ரானிக்ஸ் என்றாலே ஆல்கஹால் என்று கைபோகும். ஆனால் உப்பு ஆல்கஹாலில் சரியாகக் கரையாது, நகர்ந்து வேறு இடத்தில் படியும். முதலில் பேட்டரி, கேபிள் எல்லாம் கழற்றிய பிசிபியை டிஸ்டில்டு வாட்டர் தொட்ட பிரஷால் துடையுங்கள். பிறகு ஆல்கஹாலால் இன்னொரு முறை. அது நீரைத் தள்ளி விரைவில் உலரவைக்கும், ஃப்ளக்ஸையும் எடுக்கும். ஜன்னலை மூடிய அறையில் ஃபேனுக்கு அடியில் ஓரிரவு விடுங்கள். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் வளையும்.

பிளேட்டின் வெறும் ஓரங்களில் துரு தொடங்கியிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, மேலே தெளிவான நகப்பூச்சு ஒரு கோட்டாக இழுத்துவிட்டால் போதும், கீகேப் அதை மறைத்துவிடும்.

படி 8: திரும்பப் பூட்டுவது

சுவிட்சைச் செருகும் முன் இரண்டு கால்களும் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். பிசிபி கேஸுக்கு வெளியே இருக்கும்போதே, சாக்கெட்டுக்கு அடியில் ஒரு விரலைத் தாங்கலாக வைத்துச் செருகுவது நல்லது. தாங்கல் இல்லாமல் அழுத்தினால் சாக்கெட்டே கழன்று போகும். ஸ்குரூக்களை எதிரெதிர் மூலையாக, முதலில் தளர்வாகவும் பிறகு அளவாகவும் இறுக்குங்கள். பிளாஸ்டிக் மரையில் பலம் காட்டினால் அது வழுக்கிவிடும்.

கீகேப் மாட்டுவதற்கு முன்பே கணினியில் செருகி, முதலில் எழுதி வைத்த பட்டியலோடு ஒவ்வொரு விசையையும் ஒப்பிடுங்கள். புதிதாக ஒரு விசை மட்டும் விழவில்லை என்றால் அந்தச் சுவிட்சைப் பிடுங்கிப் பாருங்கள், பெரும்பாலும் கால் மடங்கிப் படுத்திருக்கும். ஒரு வரிசையே விழவில்லை என்றால் சுவிட்சுகளைத் தொடாதீர்கள். துணைப்பலகைக் கேபிள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, கழுவிய இடத்தில் ஈரம் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் இருந்தால் உடனே கேபிளைக் கழற்றி இன்னொரு நாள் காயவிடுங்கள்.